பழைய மெசின், புது ஊசி

ஒஸ்லோவில் வாழ்ந்த தமிழர்களில் காது என்ற உறுப்பை முழுமையாகப் பயன்படுத்தியவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் அதைத் தோடு போடவும், பனிக்காலத்தில் தொப்பி நழுவாமல் இருக்கவும், மனைவி கூப்பிடுவது கேட்கவில்லை என்று நடிக்கவும் மட்டுமே வைத்திருந்தோம். அந்த ஒருவர் ஊசியக்கா.

சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. வாசல் மணிக்குப் பக்கத்தில் கணவரின் பெயர்தான் ஒட்டியிருந்தது. முதியோர் இல்லத்தில் வேலை பார்த்ததால், ஊசி போடுகிறவர் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் குடியிருந்த ஹவுகன்ஸ்டுவா மாடிவீடுகளில் தாய்மார் சோறு தின்னாத பிள்ளைகளை "ஊசியக்கா வாறா" என்று வெருட்டுவார்கள். உண்மையில் அவர் தன் வாழ்நாளில் ஒரு மனிதருக்கும் ஊசி போட்டதில்லை. இசைத்தட்டு சுழற்றும் மெசின்களுக்குத்தான் போட்டார். அந்தக் கணக்கில் அவரை ஒரு பெரியாஸ்பத்திரி என்றே சொல்லலாம்.

இது நடந்தது இரண்டாயிரத்து மூன்றிலோ நாலிலோ. உலகம் இசைத்தட்டைக் கைவிட்டிருந்த காலம். பிள்ளைகள் தீப்பெட்டி அளவுப் பெட்டிக்குள் ஆயிரம் பாட்டைத் திணித்துக்கொண்டு ரயிலில் தலையாட்டினார்கள். நான் ஒரு பாண் தொழிற்சாலையில் மாவு மூட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் பின்னறையைத் துப்புரவாக்கியபோது, நான் வாங்கிய அரிசி மூட்டையோடு ஒரு பெட்டி பழைய தமிழ் இசைத்தட்டுகளைச் சும்மாவே தூக்கித் தந்துவிட்டார். அவருக்கு இடம் மிச்சம். எனக்குத்தான் தலையிடி. தட்டு இருக்கிறது, போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை.

ஐந்தாம் மாடிக்கு, ஊசியக்காவிடம் போ என்று எல்லோரும் சொன்னார்கள். போனேன். கதவைத் திறந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். பிறகு, சப்பாத்தைக் கழற்று, மெதுவாக நட என்று கையால் காட்டினார். உள்ளே ஏதோ ஒரு தட்டு சுழன்றுகொண்டிருந்தது. அந்த வீட்டில் தட்டு சுழலும்போது எல்லோரும் செத்தவீட்டில் நடப்பதுபோலத்தான் நடக்கவேண்டும். அவருடைய கணவர் தும்மல் வந்தால் பல்கனிக்குப் போய்விடுவார். குளிர் சைபருக்கு இருபது பாகை கீழே போனாலும் அங்கேதான் தும்முவார். நல்ல மனிதர்.

குசினியில் கோப்பைகள் காயவைக்கும் தட்டியில் ஒரு கோப்பைகூட இல்லை. வரிசையாக இசைத்தட்டுகள் நின்று காய்ந்துகொண்டிருந்தன. இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு சொட்டுக் கோப்பை கழுவும் சோப்பு, மெல்லிய துணி. நடுவில் ஒட்டியிருக்கும் கடதாசியில் ஈரம் படக்கூடாது. அவ்வளவுதான் வைத்தியம். கழுவிய தட்டில் கீறல் சத்தம் பாதி போய்விடும் என்றார். கணவர் எதில் சாப்பிடுகிறார் என்று நான் கேட்கவில்லை.

என்னிடம் அதிகம் செலவழிக்க வழியில்லை என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. காசுள்ளவனுக்கு அவர் ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கமாட்டார். கடைக்குப் போய் நாசமாய்ப் போகட்டும் என்று விட்டுவிடுவார். எனக்குச் சனிக்கிழமை காலை எட்டரைக்கு ரயில் நிலையத்துக்கு வரும்படி கட்டளை பிறந்தது.

போனேன். அக்கா ஒரு பிள்ளை தள்ளுவண்டியோடு நின்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அது மெசின் ஏற்றிவரும் வண்டி என்று பிறகுதான் விளங்கியது.

நோர்வேயில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பள்ளிக்கூடங்களில் பழம்பொருள் சந்தை நடக்கும். பள்ளிக்கூட வாத்தியக்குழுவுக்குப் பணம் சேர்க்க, ஊரார் வேண்டாத பொருள்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். எங்கள் பக்கத்திலேயே ஒன்று இருக்க, அக்கா என்னை நகரத்தின் மறுகோடிக்கு, பணக்காரர் வாழும் மேற்குப் பக்கத்துக்கு இழுத்துப் போனார். காரணம் கேட்டேன்.

"எங்கடை ஆக்கள் உடைஞ்சதைத்தான் எறிவினம். அவையள் நல்லதையெல்லே எறிவினம்."

கதவு திறந்ததும் சனம் முழுக்கப் பனிச்சறுக்குப் பலகைகளை நோக்கி ஓடியது. அக்கா நடந்தே மின்பொருள் மேசைக்குப் போனார். பளபளவென்று, எல்லாம் ஒன்றில் அடங்கிய ஒரு பிளாஸ்டிக் பெட்டியை நான் ஆசையோடு தொட்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். "உது மெசினில்லை, தம்பி. தேங்காய் திருவுபலகை. உம்மடை றெக்கோட்டைத் திருவித் தந்திடும்."

மேசைக்கடியில் தூசு மூடிக் கிடந்த, பாரமான ஒரு பழைய மெசினை இழுத்தெடுத்தார். கையால் தட்டத்தைச் சுழற்றிவிட்டு, குனிந்து அதன் அடியில் காதை வைத்தார். கரகரவென்று சத்தம் வந்தால் விட்டுவிட வேண்டும், சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்றினால் எடுக்கலாம். பிறகு ஊசி தாங்கும் கையை ஒற்றை விரலால் அசைத்துப் பார்த்தார். ஆடக்கூடாது, இறுகவும் கூடாது. மேசைக்குப் பொறுப்பாக நின்ற நோர்வே அம்மையார் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவர் பிரார்த்தனை செய்கிறாரா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஆமென்றேன். அந்த மரியாதையில் பாதி விலைக்கே தந்துவிட்டார்.

பின்பக்கம் "ஃபோனோ" என்று எழுதிய துளையுள்ள ஒரு அம்பிளிஃபயரையும் தேடி எடுத்தோம். அந்தத் துளை இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய வித்துவான் வாசித்தாலும் நுளம்பு பாடுவதுபோலத்தான் கேட்கும் என்பது அக்காவின் சித்தாந்தம். ஸ்பீக்கர் இரண்டையும் நான் சுமந்தேன். மெசின் தள்ளுவண்டியில் படுத்தது. அக்கா அதற்குக் கம்பளி போர்த்திவிட்டார்.

ரயிலில் எதிரே இருந்த ஒரு நோர்வேப் பெண் அன்போடு குனிந்து, எத்தனை மாதம் என்று கேட்டார். அக்கா முகத்தை மாற்றாமல், இருபத்தைந்து வருடம் என்றார். அந்தப் பெண் அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டார். அது அவர் இறங்கவேண்டிய இடம்தானா என்பது எனக்குத் தெரியாது.

மெசினுக்கு எவ்வளவு குறைவாகச் செலவழித்தாலும் ஊசி மட்டும் புதிதாக வாங்க வேண்டும் என்பதில் அக்கா இம்மியும் விட்டுக்கொடுக்கமாட்டார். மாப்பிள்ளை பழசாக இருக்கலாம், வேட்டி புதிதாக இருக்கவேண்டும் என்பார். ஊசி வாங்க நகரத்தில் ஒரு இசைத்தட்டுக் கடைக்குப் போனோம். தாடிக்காரக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும், கறிவேப்பிலை இங்கே விற்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தவர்போல நின்றார். அக்கா ஊசியின் இலக்கத்தைச் சொன்னார். பிறகு கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்குக் காதைச் சாய்த்து, உங்கள் மெசினின் தட்டத்தைச் சுழற்றும் பட்டி தொய்ந்துவிட்டது, பாட்டு மெல்ல இழுபடுகிறது என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். தாடிக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே திறந்து பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. அதன்பின் அந்தக் கடையில் அக்கா நுழைந்தால் அவர் எழுந்து நிற்பார். பக்கத்தில் நின்ற எனக்கு அன்று நெஞ்சு இரண்டு அங்குலம் கூடியது. ஏதோ நான்தான் கண்டுபிடித்ததுபோல நானும் தலையாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

என் வீட்டில் மெசினை வைக்க அரைநாள் போனது. அக்காவின் கைப்பையில் எப்போதும் மேசன்மார் மட்டம் பார்க்கும் நீர்மட்டம் ஒன்று இருக்கும். மேசை மட்டமாக இல்லாவிட்டால் ஊசி ஒரு பக்கம் சாயும். இந்தப் பழக்கத்தால் அவர் ஒரு பிறந்தநாள் விழாவில் கேக் வைத்த மேசையிலும் நீர்மட்டத்தை வைத்துப் பார்த்து, வடக்குப் பக்கம் சரிந்திருக்கிறது என்று அறிவித்தவர். ஊசி துள்ளுகிறதே, மேலே ஒரு நாணயம் வைக்கட்டுமா என்று நான் கேட்டபோது அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "காசு போட அதென்ன கோயில் உண்டியலோ?" ஊசி தாங்கும் கையை முதலில் காற்றில் மிதக்கவிட்டு, பிறகு பின்னாலிருக்கும் பாரத்தைத் திருகி, ஊசிக்கு வேண்டிய அளவு மட்டும் இறக்கிவைக்க வேண்டும். ஏழு தரம் செய்யவைத்தார்.

இப்படியே போயிருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது. நடுவில் கற்றலொக் அண்ணை வந்தார்.

தபாற்பெட்டியில் விழும் கடை விளம்பரக் கற்றலொக்குகளைத் தேவாரம்போல மனப்பாடம் செய்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். நகரத்துக்கு வெளியே ஸ்ட்ரோம்மன் பக்கம் சொந்த வீடு வாங்கிப் போயிருந்தார். அடுத்து வந்த சித்திரை வருடப்பிறப்பு விழாவில், தானும் இசைத்தட்டு மெசின் வாங்கிவிட்டதாகவும், எல்லாம் பெட்டி உடைக்காத புதுச் சாமான் என்றும் அறிவித்தார். அதோடு நிற்காமல், குப்பையில் பொறுக்கியது குப்பைபோலத்தான் பாடும் என்றும் சொல்லிவிட்டார். அக்கா வடையைத் தின்றுகொண்டிருந்தார். நான்தான் பொறுக்காமல் பாய்ந்தேன். உங்கள் மெசினையும் அக்காவின் மெசின் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்ப்போமா என்றேன்.

வாய்ச்சொல் வளர்ந்து பந்தயமாகிவிட்டது. அண்ணை தோற்றால் புது மெசினை அக்காவுக்குக் கொடுத்துவிடுவார். அக்கா தோற்றால் ஐந்தாம் மாடியில் சேர்த்துவைத்திருக்கும் எல்லா மெசின்களையும் கழிவு நிலையத்தில் கொண்டுபோய்ப் போடவேண்டும். என் வாய் செய்த வேலை. அக்கா மறுத்துவிடுவார் என்று பார்த்தேன். அவர் வடையை விழுங்கிவிட்டு, சரி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றார்.

எங்கள் மாடிவீட்டு நிலவறையில் ஒரு பொது அறை இருந்தது. அங்கே முப்பது, நாற்பது பேர் கூடிவிட்டார்கள். குறுக்கே ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, பின்னால் இரண்டு மெசின்களையும் அவற்றின் ஸ்பீக்கர்களையும் வைத்தோம். எது எவருடையது என்று யாருக்கும் தெரியக்கூடாது. தட்டு போடும் பொறுப்பு எனக்கு. என் பெட்டியிலிருந்த ஒரு நாதஸ்வர இசைத்தட்டையே இரண்டிலும் போடுவதென்று முடிவு. கற்றலொக் அண்ணை தன் மெசினைத் தானே பூட்டிவிட்டு, வெளியே போய் முன்வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த மனுசி அன்று வந்தவர்களுக்கெல்லாம் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தார்.

அக்கா ஒருதரம் பார்க்கவென்று விரிப்புக்குப் பின்னால் வந்தார். அண்ணையின் மெசினைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விளம்பரமெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவர், மெசினோடு வந்த விளக்கப் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. பின்பாரத்தை முழுக்க முன்னால் திருகி வைத்திருந்தார். ஊசி இறங்கினால் ஏர் உழுவதுபோலத்தான் போகும். நாற்பது பேருக்கு முன்னால் அவருடைய நாதஸ்வரம் கழுதையாகக் கத்தப்போகிறது. எங்களுக்கு வெற்றி நிச்சயம்.

அக்கா குனிந்து அந்தப் பாரத்தைத் திருகத் தொடங்கினார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். விடுங்கோ அக்கா, உங்கடை மெசினெல்லாம் குப்பைக்குப் போகப்போகுது என்று காதுக்குள் கெஞ்சினேன். அவர் கையை விடுவித்துக்கொண்டார். மெசினின் கையை மிதக்கவிட்டு, அளவாகப் பாரம் இறக்கி, ஒரு கடதாசித் துண்டை மடித்துக் கீழே செருகி மட்டம் பார்த்து, சின்னத் தூரிகையால் ஊசியையும் துடைத்துவிட்டார். தன் மெசினுக்குச் செய்வதுபோலவே ஒரு குறையும் இல்லாமல் செய்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"ஊசி பிழையாய் நிண்டால் காயம் றெக்கோட்டுக்குத்தான், தம்பி. வாசிச்ச மனிசன் என்ன பிழை செய்தவர்?"

சொல்லிவிட்டு, தான் முன்னால் இருந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று மேலே தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

முதல் மெசினில் போட்டேன். கலியாணவீட்டுப் பந்தலுக்கு நடுவில் நிற்பதுபோல இருந்தது. இரண்டாவதில் போட்டேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் வித்தியாசம் நூலளவுதான். முதலாவதில் வாசிப்பவர் மூச்சு வாங்குவதும் கேட்டது. இரண்டாவதில் அது இல்லை. முதலாவது நன்று என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று விரிப்பின் ஓரத்தால் தலையை நீட்டிச் சொன்னேன். பாதிக்குச் சற்றுக் கூடக் கை எழுந்தது. அதில் எல்லாக் கைக்கும் மேலே, முன்வரிசையிலிருந்து, மிக நிச்சயமாக உயர்ந்து நின்றது கற்றலொக் அண்ணையின் கை.

நான் விரிப்பை அவிழ்த்தேன். முதலாவது, தள்ளுவண்டியில் வந்த கூட்டத்தைச் சேர்ந்தது. அக்காவுடையது.

அண்ணையின் கை உடனே இறங்கவில்லை. இறக்க மறந்துபோய் அப்படியே வைத்திருந்தார். அவருடைய மனைவிதான் மெதுவாகப் பிடித்து இறக்கிவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கூட.

சொன்ன சொல் தவறாத மனிதர். எழுந்து வந்து தன் மெசினின் வயர்களைக் கழற்றத் தொடங்கினார். அப்போது அக்கா தேத்தண்ணிக் குவளையோடு உள்ளே வந்தார். நான் முந்திக்கொண்டு முடிவைச் சொன்னேன். அவர் என்னைக் கவனிக்காமல் நேரே அண்ணையிடம் போனார்.

"அண்ணை, உங்கடையும் வடிவாய்ப் பாடினதாம். அதைத் தந்தால் நானும் என்ரை மனுசனும் படுக்கிறதுக்கு எங்கை இடம்? வாற சனி மேற்குப் பக்கம் சந்தை இருக்கு. எட்டரைக்கு ஸ்டேசனுக்கு வாங்கோ."

அவர் கழற்றிய வயரைச் சுருட்டி வைத்தார். பிறகு, என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். டோர்ச் லைட் என்றார் அக்கா.

வந்தார். விளம்பரத்தில் பார்த்து வாங்கிய புது டோர்ச்சோடு வந்தார். இலையுதிர் காலம் பிறந்தபோது, சந்தை வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்று இடம் பிடித்துவைப்பவர் அவர்தான். போகப்போக, மேசைக்கடியில் காதை வைத்துக் கேட்கும் இன்னொரு தமிழரையும் மேற்கு ஒஸ்லோவின் பெண்கள் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

அவருடைய பாரத்தைத் திருகியது யார் என்பதை அக்கா ஒருநாளும் வாய் திறந்து சொல்லவில்லை. நான் சொல்ல வெளிக்கிட்ட இரண்டு மூன்று தடவையும் பேச்சை மாற்றிவிட்டார். அண்ணை இதை வாசித்தால் என்னைக் கோபிக்கட்டும், பரவாயில்லை.

பிறகு அக்காவின் கணவருக்கு வேலை மாறி அவர்கள் வடக்கே போய்விட்டார்கள். வெயில் இரண்டு மாதம் எட்டிப்பார்க்காத ஊர். தொலைபேசியில் என் சுகத்தை அவர் கேட்பது கடைசியாகத்தான். முதலில் மெசினின் சுகம். நானும் ஒழுங்காகச் சொல்லிவிடுவேன். என் வீட்டுக்கு வருகிறவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு, இவ்வளவு வடிவாக யார் பூட்டித் தந்தது என்று விசாரிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா என்று சொல்லிவிட்டுப் போகலாம். இதுவரை அப்படிச் சொல்ல வாய் வந்ததில்லை. என்ரை அக்கா என்றுதான் சொல்கிறேன்.