பத்துக்கொண்ணு அண்ணாச்சி

நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஆறு மணிக்குக் குளியல். ஆறரைக்குச் சுவர்க் காலண்டரில் திங்கட்கிழமையைக் கிழித்தேன். மூன்று இட்லி, ஒரு காபி. எட்டு இருபதுக்குத் திருத்தங்கல் வீட்டிலிருந்து சைக்கிளை எடுத்து, எட்டு நாற்பதுக்குச் சிவகாசியில் எங்கள் அச்சகத்து வாசலில் இறங்கினேன். இரவெல்லாம் தூறியிருந்தது. இதுவரை எல்லாம் டைரியில் இருக்கிறது. அதன்பின் நான் சொன்ன ஒரே ஒரு சொல் மட்டும் டைரியில் இல்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் எங்கள் முதலாளியைச் சொல்ல வேண்டும். உலகத்தில் குடையைப் பத்தாகப் பங்கு போட்ட மனிதர் அவர் ஒருவர்தான். ஊரில் அவர் பெயர் பத்துக்கொண்ணு அண்ணாச்சி. ரேஷன் கார்டில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். கிறிஸ்தவர்கள் வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகம் என்று ஆலயத்துக்குக் கொடுப்பார்கள். அண்ணாச்சியும் கொடுத்தார். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கர்த்தர் தனக்குக் கொடுத்தது ரூபாய் மட்டும்தானா?

அன்றிலிருந்து அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. தினம் இரண்டு உளுந்த வடை தின்பார். ஐந்தாவது நாள் பத்தாவது வடை தட்டில் விழுந்ததும், பக்கத்தில் டீ குடிப்பவர் யாராக இருந்தாலும் அவர் முன்னால் தட்டை நகர்த்திவிடுவார். ஒரு முறை பக்கத்தில் இருந்தவர் போலீஸ்காரர். "எதுக்குய்யா எனக்கு வடை?" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

குடை விஷயம் நான் கண்ணால் பார்த்தது. மாலை ஐந்து மணிக்கு மழை பிடித்தது. பஸ் நிலையத்துக்கு வெளியே ஒருவர் அரிசி மூட்டையோடு நனைந்துகொண்டிருந்தார். அண்ணாச்சி குடையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி மழையில் நின்றார். "மணிக்கு ஆறு நிமிஷம், டைரி சார். பத்துல ஒண்ணு" என்றார் என்னிடம். ஆறு நிமிடம் ஆயிற்று, மழை நிற்கவில்லை. குடைக்குக் கை நீட்டினார். அரிசி மூட்டையைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

"சரி, அடுத்த மணி நேரத்துப் பங்கையும் இப்பவே வச்சுக்கிடுங்க."

மழை ஒன்றரை மணி நேரம் பெய்தது. விட்டபோது மறுநாள் காலை எட்டு மணி வரைக்குமான பங்கை அவர் கொடுத்து முடித்திருந்தார். தலையிலிருந்து நீர் சொட்ட, நல்ல கனவிலிருந்து எழுப்பப்பட்டவரைப் போல நின்றார்.

"எனக்கு ஒத்தப் பிள்ளையோட நின்னுச்சு, தப்பிச்சேன்" என்பார் அவர் மனைவி. "பத்து இருந்திருந்தா ஒண்ணைத் தூக்கிக் குடுத்திருப்பாக."

இந்த வரிசையில் மெஷினும் சேர்ந்தது. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ஆஃப்செட் மெஷின். ஞாயிறு நீங்கலாக ஒவ்வொரு பத்தாவது நாளும் அது கர்த்தருடையது. அன்று கூலி வேலை எதுவும் ஓடாது. யார் வந்தாலும் காசு வாங்காமல் அச்சடித்துக் கொடுப்பார். ஏழை வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட நோட்டு அட்டை, எல்லாம் ஓடும். ஒரு தடவை இருக்கன்குடிக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர்ப்பந்தல் போடுகிறோம் என்று ஒரு நோட்டீஸ் அடித்தார். ஆலயத்துக் குருவானவர் காதுக்குச் செய்தி போய்விட்டது. நேரில் வந்தார்.

"மாரியம்மன் கோயில் நோட்டீஸ் அடிச்சீகளாமே?"

"பத்தாவது நாளு அது என் மெஷின் இல்லீங்கய்யா, கர்த்தர் மெஷின். அவரு வாசல்ல வந்து நிக்கிறவங்களை நீ எந்தத் தெருன்னு நான் எப்படிக் கேக்க?"

குருவானவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப நம்ம அறுப்பின் பண்டிகை நோட்டீஸு?"

"இன்னைக்கு ரெண்டாவது நாளு. எட்டு நாளு கழிச்சு வாங்க."

இதில் என் பங்கு என்னவென்றால், அது எத்தனாவது நாள் என்று சொல்வது. நாங்கள் அடிப்பது தினசரி காலண்டரின் தேதித் தாள்கள். ஆகவே அச்சகத்தில் எல்லோரும் அடுத்த ஆண்டில்தான் இருப்பார்கள். நவம்பர் மழை வெளியே தூறும். உள்ளே மெஷினிலிருந்து ஜூலை மாதம் படபடவென்று பறந்து வந்து படியும். மை வாசனையில், அந்தத் தாலாட்டுச் சத்தத்தில், இன்றைய தேதி எல்லோருக்கும் கரைந்து போய்விடும். தாள்களை அடுக்கிக் கம்பிப் பின் அடிக்கும் பாப்பாத்தி ஒரு நாள் அமாவாசை என்று பட்டினி கிடந்தாள். அது அடுத்த ஆண்டு அமாவாசை. மெஷின் ஓட்டுபவர் கார்த்திகையில் எனக்குச் சித்திரை வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். இன்றைய தேதி தெரிந்தவன் நான் ஒருவன்தான். தினமும் காலையில் அண்ணாச்சி கேட்பார், நான் டைரியைப் பார்த்துச் சொல்வேன். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. மதுரையில் ஒரு பெரிய துணிக்கடையின் காலண்டர் ஆர்டர் பாதியில் நின்றது. மழையிலும் மின்வெட்டிலும் இரண்டு நாள் போயிருந்தது. "நாளைக்கு நாலு மணிக்கு லாரில லோடு ஏறணும். ஏறலேன்னா வேற பிரஸ் பாத்துக்கிடுதோம்" என்று கடை மேனேஜர் முந்தின நாளே போனில் சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் போனால் சீசன் போனது. பாப்பாத்தியோடு சேர்த்துப் பதினொரு பெண்களுக்கு டிசம்பரில் வேலை இல்லை.

அண்ணாச்சி மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார்.

"டைரி சார், இன்னைக்கு எத்தனாவது நாளு?"

டைரியைத் திறந்தேன். பத்து என்று என் கையெழுத்தில் இருந்தது.

"ஒன்பது" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மெஷினைப் போடச் சொன்னார்.

பதினொரு மணிக்கு ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஜெயராணி வந்தார். அங்கே கிராமச் செவிலியர். கையில் ஒரு தாள். பட்டாசுத் தொழிலாளர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம், ஆயிரம் நோட்டீஸ் வேண்டும்.

"இன்னைக்குப் பத்துல்ல அண்ணாச்சி?"

"ஒன்பதுன்னு டைரி சார் சொல்லுதாரே."

"உங்க காலண்டர்லதான எண்ணுனேன். வியாழக்கிழமை முகாமு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எல்லாரும் வேலைக்குப் போக வேன் ஏற வருவாக. அங்கன வச்சுக் கையில குடுத்தாத்தான் உண்டு. வருஷம் பூரா பட்டாசு மருந்து கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு, ஒருத்தரும் தானா வரமாட்டாக."

இடையில் ஓட்டவும் வழியில்லை. பிளேட்டைக் கழற்றி, மையைக் கழுவி, மறுபடி மாட்ட ஒரு மணி நேரம் ஆகும். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் டைரியைப் பார்த்தேன். அது மூடியிருந்தது.

"அவரு டைரி தப்பாதும்மா" என்றார் அண்ணாச்சி மெதுவாக. "தாளை வச்சுட்டுப் போங்க."

ஜெயராணி தாளை மேசையில் வைத்து, அது பறக்காமலிருக்க என் பேனாவையே எடுத்து மேலே வைத்துவிட்டுப் போனார். நான் அன்று முழுவதும் பேனாவைத் தொடவில்லை.

மூன்று ஐம்பதுக்கு லாரி கிளம்பியது. பின் அடிக்கும் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அண்ணாச்சி மட்டும் லாரியைப் பார்க்காமல் ஈரத் தரையில் தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாளைக்குப் பத்து?"

"பத்து."

"எழுதிட்டீகளா?"

நான் சைக்கிள் பூட்டைத் திறப்பதில் மும்முரமாக இருந்தேன்.

வீட்டில் லாரி கிளம்பிய நேரத்தை எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. இருபத்திரண்டு வருட டைரியில் முதல் முறையாக அரைப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

மறுநாள் குளிக்கவில்லை, காலண்டர் கிழிக்கவில்லை. யாரும் வருமுன் நானே நோட்டீஸை ஓட்டிவிடலாம் என்று ஐந்து மணிக்கெல்லாம் அச்சகத்துக்குப் போனேன். சாவி என்னிடமும் ஒன்று உண்டு. ஆனால் பூட்டு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே ஒற்றை விளக்கின் கீழ் அண்ணாச்சி காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் மை. பக்கத்தில் நோட்டீஸ்கள் அடுக்கியிருந்தன. மெஷின் நின்றிருந்தது, கவுண்ட்டரில் தொள்ளாயிரம்.

"அண்ணாச்சி, நேத்து..."

"எனக்கும் எண்ணத் தெரியும் சார்" என்றார். "நேத்துப் பத்துன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். நீங்க ஒன்பதுன்னு சொல்லிர மாட்டீகளான்னு இருந்துச்சு. சொன்னீக. பொய்யி உங்க வாயில இருந்து வந்தாலும் முதலாளி நாந்தான்."

அவர் எழுந்து, மெஷினுக்கு முன்னால் இடம் விட்டு நின்றார்.

"தொள்ளாயிரம் நான் அடிச்சிட்டேன். மிச்சம் நூறு. பத்துல ஒண்ணு உங்களுக்கு."

அன்று காலை நான் செய்த முதல் வேலை, பச்சைப் பொத்தானை அழுத்தி அந்த நூறு தாளை அடித்ததுதான். பிறகு ஏழாயிரம்பண்ணை பஸ்ஸைப் பிடிக்கக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வெளியே நல்ல மழை. நோட்டீஸ் நனையக்கூடாது என்று அண்ணாச்சி தன் குடையை என் கையில் கொடுத்துவிட்டுக் கூடவே நடந்துவந்தார். பஸ் நிறுத்தம் பத்து நிமிட நடை. முழுக்க நனைந்துபோனார், கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.