துரை தூங்கிய அறை

அன்று அங்கே இருந்தவர்கள்: நான், என் மச்சினன் குமார் (முன்சீட்டுக்கு ஆசைப்பட்டு வந்தவன்), நாகர்கோவிலிலிருந்து வந்த டீச்சரம்மா, அவர் கணவர், கடைசியில் வாட்ச்மேன் மாடசாமி அண்ணாச்சி. குமார் மட்டுமாவது வராமல் இருந்திருக்கலாம்.

பீர்மேட்டில் ஜீப் ஓட்டுகிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். யாராவது கேள்வி கேட்டால் தெரியாது என்று சொல்லப் பயம். (தெரியாது என்றால் வாத்தியார் கட்டாயம் அடிப்பார். தப்பாகச் சொன்னால் சில சமயம் விட்டுவிடுவார்.)

டீச்சரம்மாவின் கொள்ளுத்தாத்தா, வெள்ளைக்காரத் துரைமாருக்கு இந்த மலையில் பங்களாக்கள் வரைந்து கட்டிய உள்ளூர்க்காரர். அதில் ஒன்று எங்கள் எஸ்டேட் மேட்டில் இருக்கிறது. "அந்தம்மா நல்ல வார்த்த சொன்னா, இனி வர்ற பார்ட்டி எல்லாம் ஒனக்குத்தான்" என்றிருந்தார் லாட்ஜ் மேனேஜர். நான் ஜீப்புக்குத் தவணை கட்டாத நேரம். முந்தின ராத்திரி தூங்கவில்லை.

பங்களா எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அம்மா விறகு சுமந்து போகும்போது கூடப் போவேன். எஸ்டேட் ஆட்களுக்குப் பின்பக்கப் பாதைதான். முன்பக்கம் போனால் வேலை போய்விடும். பாதை முடிவில் வளைவு ஜன்னல் வைத்த கல் கட்டடம். வாசலில் விறகைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். அதே பாதையில் ஜீப்பை ஏற்றினேன். வேறு பாதையில் போகலாம் என்று தோன்றவே இல்லை.

கதவு திறந்திருந்தது.

"இதான் டீச்சரம்மா, தொரை தூங்குற ரூமு."

சுவரோரமாக நீளக் கல்தொட்டி. "இது என்ன தம்பி?"

"குளிக்கிறதுக்கு."

"இவ்வளவு ஒசரத்துலயா?"

"தொரைமாரு ஒசரமா இருப்பாங்கல்ல?"

சுவரில் இரும்பு வளையம். "பிள்ளைக்குத் தொட்டில் கட்ட" என்றேன். தரை நடுவில் ஓடிய வாய்க்காலை அவர் கணவர் காட்டினார்.

"மழைக் காலம் சார். ராத்திரி வெளிய போக முடியாதுல்ல." (இதை மட்டும் ஓரளவு சரியாகச் சொல்லிவிட்டேன்.)

டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து தொட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டார். குமார் படம் எடுத்தான்.

அப்போதுதான் வாசலில் அண்ணாச்சியின் தலை தெரிந்தது. "ஏலே, குதிர கெட்டுற எடத்துல என்னல செய்தீய? பங்களா அந்தால மேல இருக்கு!"

அந்த நிமிஷத்திலேயே பைனான்ஸ்காரன் ஜீப்பை ஓட்டிப் போவதையும், நான் மூட்டை தூக்குவதையும், முதுகு பிடித்துப் படுத்துவிடுவதையும் வரிசையாகப் பார்த்து முடித்தேன்.

டீச்சரம்மா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வளைவை நிமிர்ந்து பார்த்தார். "ஏங்க, குதிரைக்கே இவ்வளவு அழகா கெட்டியிருக்காரா எங்க தாத்தா!"

வெளியே வந்தால் பனி இறங்கியிருந்தது. மேலே பங்களா இருப்பதற்கான அடையாளமே இல்லை. பேசிய வாடகையில் பாதியை டீச்சரம்மா என் கையில் வைத்தார். "மீதி, பங்களாவக் காட்டுத அன்னைக்கு. என்ன தம்பி?"

லாட்ஜில் நல்ல வார்த்தைதான் சொல்லியிருக்கிறார். பார்ட்டி வருகிறது, முதலில் குதிரை லாயத்தைக் காட்டச் சொல்கிறார்கள். குமார் வீட்டில் படத்தைக் காட்டிவிட்டான்; நான் கட்டிலில் சாய்ந்தால் போதும், என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள்: "தொரைக்குப் புல்லு போடவா?"

டீச்சரம்மா இன்னும் வரவில்லை. பாக்கி ஆயிரம் ரூபாய்.