ஆறாவது படம்

சுருளிவேலுக்கு இருபத்துமூன்று வயது. பதினெட்டுச் சண்டை; பதினெட்டிலும் வெற்றி. மாநிலப் பட்டம் இரண்டு முறை. குத்துச்சண்டைக் கழகத்துச் சுவரில் படமாகத் தொங்குவதற்கு அவனிடம் ஒரே ஒரு தகுதிதான் குறைந்தது. அவன் இன்னும் சாகவில்லை.

“அதத்தானய்யா நானும் சொல்றேன்,” என்றார் தலைவர் ஜக்கையன். மாவு மில் வைத்திருந்தவர். புருவத்தில் எந்நேரமும் மாவு இருக்கும். “செவுத்துல இருக்க அஞ்சு பேரையும் பாரு. ஒருத்தனும் இனிமேத் தோக்கமாட்டான். இவன் படத்த இன்னைக்கு மாட்டிட்டு, அடுத்த மாசம் திண்டுக்கல்லுல எவனாச்சும் இவன் மூக்க ஒடச்சுவிட்டா என்ன பண்ணுவ? படத்தக் கழட்டுவியா?”

“தோக்கமாட்டான்ணே,” என்றார் செயலாளர் மொக்கையன்.

“எப்படித் தெரியும்?”

மொக்கையனுக்குத் தெரியாது. அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை குத்துச்சண்டை மேடை ஏறியவர். நாற்பது விநாடியில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். தோற்றவனுக்குக் கழகத்தில் கிடைக்கும் பதவி செயலாளர். பன்னிரண்டு வருடமாக அதில் இருந்தார்.

“அந்த அஞ்சு பேர்ல ஒருத்தரு மொத்தமே ஏழு சண்டைதானண்ணே போட்டுருக்காரு. அதுலயும் ரெண்டு தோல்வி.”

“அவரு செத்துட்டாருல்ல,” என்றார் ஜக்கையன்.

இது எழுபத்தொன்பதாம் வருடம், ஏலக்காய்ப் பறிப்பு தொடங்கிய சமயம். போடியில் கழகம் இருந்த இடம் பழைய ஏலக்காய்க் கிட்டங்கி. மூட்டைகள் போய் இருபது வருடமாகியும் வாசனை போகவில்லை. அங்கே முகத்தில் அடி வாங்கியவனுக்கு வலியும் வாசனையும் சேர்ந்தே வரும். அன்று அங்கே பழகியவர்கள் சிலர் இன்றும் பாயசம் குடிக்கும்போது தாடையைத் தடவிக்கொள்கிறார்கள்.

மேற்குச் சுவரில் ஐந்து படங்கள். பெயர் கிடையாது, பட்டம்தான்: சிங்கம், புலி, வேங்கை என்று ஒரு காடே அங்கே தொங்கியது. மார்பு விரித்து, மீசை முறுக்கி, கையுறையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு நிற்பார்கள். இவர்களை மாட்டியவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்போதைய கமிட்டியில் ஒருவர்கூட அந்த ஐந்து பேரில் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் மாலை மாறும், சிவப்பு பல்பு எரியும். அதெல்லாம் காவலாளி கண்ணுச்சாமியின் வேலை. முன்பல் இல்லாத, பேச்சுக் குறைந்த மனிதர்.

சுருளிவேலுக்குப் படம் மாட்டுவது மொக்கையனுக்கு ஆசை இல்லை, அவசரம். மதுரையில் ஒரு மில்லில் குத்துச்சண்டைக் குழு வைத்திருந்தார்கள். வேலையும் கொடுத்து, தங்கள் பனியனையும் மாட்டிவிடுவார்கள். சுருளிவேலை அழைத்துப்போக அவர்கள் ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். திங்களன்று மலைக்கு ஏலக்காய்ப் பறிப்புக்கு ஜீப் ஏறும்போது சுருளிவேல் சொல்லிவிட்டுப் போனான்:

“அண்ணே, எனக்கு மதுரையெல்லாம் வேணாம். ஆனா நம்மூர்ல நான் ஆருன்னு ஒரு அடையாளம் வேணும்ல. ஞாயித்துக்கெழம நான் எறங்கி வரையில செவுத்துல எம்படம் இருந்தா இங்கனயே இருந்துர்றேன். இல்லாட்டி மில்லுக்காரன்கூடக் கெளம்பிருவேன்.”

அவன் போனால் கழகத்தில் மிச்சம் நான்கு பேர். நான்கு பேரும் கல்யாணத்துக்குமுன் நெஞ்சை அகலமாக்கிக்கொள்ள வந்தவர்கள். பத்திரிகை நீட்டினால் அன்றோடு ஒரு ஆள் காலி. பிறகு கழகத்துக்குப் பூட்டுத்தான்.

கடைசியில் ஜக்கையன் களைத்துப்போனார். “மாட்டித் தொல. ஆனா மொறப்படி செய்யி. மத்தவுகளுக்கு எப்படிச் செஞ்சாகளோ அப்படி.”

முறைப்படி என்றால் படத்திறப்பு. மொக்கையன் அன்றே சுருளிவேலின் ஸ்டூடியோப் படத்தைத் தூக்கிக்கொண்டு பிரேம் கடைக்குப் போனார். படத்தில் அவனுக்குப் பின்னால் திரையில் வரைந்த மலையும் அருவியும் இருந்தன. ஸ்டூடியோவின் பின்கதவைத் திறந்தால் நிஜ மலையே நிற்கும். ஆனால் அந்தக் காலத்தில் அதை யாரும் படம் எடுக்கத் தக்கதாக நினைக்கவில்லை.

பிரேம் கடைக்காரர் படத்தை வாங்கியதும் குரலைத் தாழ்த்தினார். “சின்ன வயசு.”

“இருபத்துமூணு.”

“எப்படிண்ணே?”

“எல்லாம் அடிதான்,” என்றார் மொக்கையன் பெருமையாக. “பதினெட்டுப் பேரு.”

“ஒரு ஆளுக்குப் பதினெட்டுப் பேரா?”

“மொத்தமா இல்லப்பா. ஒவ்வொருத்தனா வந்தான்.”

கடைக்காரர் தலையை ஆட்டினார். அளவெடுக்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை பிரேம் கடைக்காரரே படத்தைக் கொண்டுவந்தார். நெற்றியில் சந்தனம், குங்குமம். மேலே சிவப்பு பல்பு. கீழே அழகான கையெழுத்தில், ‘தோற்றம்: 1956. மறைவு:’ என்று எழுதி, அதற்குப் பிறகு கொஞ்சம் இடம்.

“என்னய்யா இது?”

“நீங்க தேதி சொல்லலையே. எடம் விட்டுருக்கேன். எப்ப வேணும்னாலும் எழுதிக்கிறலாம்.”

மொக்கையன் கண்ணாடிக்கு மேலேயே அந்த வரியை மறைத்து ஒரு மஞ்சள் காகிதத்தை ஒட்டினார். அதில் ‘18 சண்டை, 18 வெற்றி’ என்று எழுதினார். கண்ணுச்சாமி ஏணி போட்டு ஆறாவது ஆணியை அடித்தார். அது இரண்டு முறை பெயர்ந்து விழுந்தது.

“செவுரு எளகிருச்சுங்க,” என்றார். “ஏத்துக்கிற மாட்டேங்குது.”

நோட்டீஸ் விஷயத்தில்தான் மொக்கையன் அசந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஏல நாள். அவர் குமாஸ்தாவாக இருந்த ஏலக்காய்க் கடையில் தலை நிமிர நேரமில்லை. ‘குத்துச்சண்டை வீரர் சுருளிவேல் படத்திறப்பு விழா, ஞாயிறு காலை’ என்று துண்டுச் சீட்டில் எழுதி அச்சகத்துக்கு அனுப்பினார். அச்சகக்காரர் தன் ஆயுளில் உயிரோடு இருப்பவனுக்குப் படத்திறப்பு அச்சடித்ததில்லை. சுற்றிக் கறுப்புக் கட்டம் கட்டினார். ‘அன்னாரது’ என்ற சொல்லைத் தானாகவே சேர்த்தார். முந்நூறு நோட்டீசும் அன்று சாயங்காலமே சுற்றுக் கிராமங்களான சிலமலை, ராசிங்காபுரம்வரை போய்விட்டன.

சனிக்கிழமை காலை மொக்கையன் கடைக்குள் நுழைந்தபோது ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் முறத்தைக் கீழே வைத்தார்கள்.

“நல்ல பய,” என்றாள் ஆயம்மாள். “போன வாரங்கூட எதுக்க வந்தான். படுத்துக் கெடந்தானா, பட்டுன்னு போயிட்டானாண்ணே?”

“ஆரு?”

அவள் நோட்டீசைக் காட்டினாள். மொக்கையன் அதைப் பிடுங்கிப் படித்தார். செருப்பைக்கூட மாட்டாமல் அச்சகத்துக்கு ஓடினார்.

“அவன் உசுரோட இருக்கான்யா. மறுபடி அடி. சுருளிவேல் நலமா இருக்கான்னு அடி. வெரசா.”

மத்தியானம் முந்நூறு நோட்டீஸ் தயார். ‘சுருளிவேல் அவர்கள் நலமாக உள்ளார்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. சுற்றிலும் கறுப்புக் கட்டம்.

“நேத்துக் கட்டுன அச்சுப் பாரம் கட்டத்தோட அப்படியே இருந்துச்சு,” என்றார் அச்சகக்காரர். “எழுத்த மட்டும் மாத்துனேன். வெரசான்னு நீங்கதான சொன்னீக?”

திருத்த நேரமில்லாமல் அதையே கொடுத்தனுப்பினார். முதல் நோட்டீசைப் பார்க்காதவர்களும் இரண்டாவதைப் பார்த்துவிட்டார்கள்.

“நல்லா இருக்கவனுக்கு எதுக்குடா நோட்டீசு?” என்று டீக்கடையில் கேட்டார்கள்.

அதற்குப் பதிலையும் அவர்களே தயாரித்துக்கொண்டார்கள். ஒரு கடையில் அவன் வந்த ஜீப் மலைப் பாதையில் உருண்டது. அடுத்த கடையில் யானை மிதித்தது. தபால் நிலையத்துக்கு எதிர்க்கடையில் அவன் உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. ஞாயிறு காலைக்குள் முடிந்துவிடும் என்றுதான் விழாவை அன்று வைத்திருக்கிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் மில்லுக்காரர் வந்தார். வெள்ளைப் பேண்ட், கையில் தோல் பை. ஸ்டேஷனிலேயே அவருக்கு முதல் நோட்டீஸ் கிடைத்திருக்கிறது. வழியில் ஒரு மாலை வாங்கிக்கொண்டு கழகத்துக்குள் வந்து, படத்தில் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

“பதினெட்டுக்குப் பதினெட்டு,” என்றார். “இந்த ரெக்கார்டுக்கு எங்க மில்லுலயே படம் வைக்கலாம் சார். எங்களுக்குக் குடுத்துவைக்கல.”

மொக்கையன் வாயைத் திறந்தார். ‘அவன் சாகவில்லை, பன்னிரண்டு மணி ஜீப்பில் வருகிறான்’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் இந்த ஆள் உட்காருவான். பையிலிருந்து காகிதத்தை எடுப்பான். மொக்கையன் வாயை மூடிக்கொண்டார். பன்னிரண்டு வருடத்தில் கழகத்துக்காக அவர் செய்த ஒரே கெட்ட காரியம் அது. அதையும் சத்தமில்லாமல்தான் செய்தார்.

மில்லுக்காரர் பதினோரு மணி பஸ்சில் திரும்பிப் போனார்.

அரை மணி கழித்து சிலமலையிலிருந்து ஒரு டிராக்டர் வந்து நின்றது. பின்பெட்டியில் முப்பது பேர். முதலில் இறங்கியது சுருளிவேலின் தாய் சுருளியம்மாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. நேராக உள்ளே வந்து, சந்தனம் வைத்த படத்தைப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஆத்தா, அவன் நல்லாருக்கான் ஆத்தா,” என்றார் மொக்கையன்.

“நல்லாருக்கவனுக்கு எதுக்கய்யா மாலை?”

“அவன்தான் கேட்டான்.”

“எதக் கேட்டான்? இதயா?”

வெளியே ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. தோளில் சாக்குப் பையோடு சுருளிவேல் வந்தான். டிராக்டரையும் கூட்டத்தையும் பார்த்து, எல்லாம் தன் படத்திறப்புக்கு வந்த கூட்டம் என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. பையைக் கீழே போட்டுவிட்டு, கைகூப்பி நாலாபுறமும் வணக்கம் வைத்தான்.

சுருளியம்மாள் எழுந்தாள். பதினெட்டு எதிராளிகள் தொட முடியாத கன்னத்தில் ஒரு அறை விட்டாள். சாக்குப் பை காலில் தட்டி சுருளிவேல் மல்லாக்க விழுந்தான்.

ஜக்கையன் மொக்கையன் பக்கம் திரும்பினார். “சொன்னேன்ல. உசுரோட இருக்கவன் என்னைக்கிருந்தாலும் தோப்பான்.”

தாய் மகனை அடித்ததற்கும், பிறகு கட்டிக்கொண்டு அழுததற்கும் கால் மணி நேரம் ஆனது. அப்புறம் சுருளிவேல் எழுந்து போய்த் தன் படத்தைப் பார்த்தான். மில்லுக்காரர் போட்ட மாலை ஈரத்தில் மஞ்சள் காகிதம் பாதி கழன்றிருந்தது. அதன் அடியில் ‘மறைவு:’ என்று இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தான்.

“இந்த எடத்துல என்னண்ணே எழுதப்போறீக?”

“ஒண்ணும் எழுத மாட்டம்டா.”

“மதுரைக்காரரு வந்தாரா?”

மொக்கையன் தரையைப் பார்த்தார். “வந்தாரு. மாலை போட்டுட்டுப் போயிட்டாரு.”

“நான் இருக்கேன்னு நீங்க சொல்லலையா?”

இதற்குப் பொய் சொல்ல மொக்கையனால் முடியவில்லை. “சொல்லலைடா. சொன்னா உன்னையக் கூட்டிட்டுப் போயிருவாரு.”

சுருளிவேல் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேடையில் எதிராளி விழுந்தபின் பார்ப்பானே, அந்த மாதிரி அவரைப் பார்த்தான். சுருளியம்மாள் ஏணியில் தானே ஏறிப் படத்தைக் கழற்றினாள். பல்பைப் பிடுங்கி எறிந்தாள். படத்தைச் சேலையில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வெளியே டிராக்டருக்கு நடந்தாள்.

“மதுரைக்குப் போறேன்ணே,” என்றான் சுருளிவேல். “உசுரோட இருக்கேன்னு நானே போயிச் சொல்லிக்கிறேன். இங்கன இருந்தா அந்த எடத்துல எப்பத் தேதி எழுதுவீகன்னே நெனப்பு ஓடும்.”

சாயங்கால ரயிலுக்கு அவன் போய்விட்டான். டிராக்டர் போனது. ஜக்கையன் தன் மாவு மில்லைப் பார்க்கப் போனார். கிட்டங்கியில் ஏலக்காய் வாசனையும், மிதிபட்ட பூவும், மொக்கையனும் மிச்சம். மணல் மூட்டை கயிற்றில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தன் தினமும் குத்திக் குத்தி அதில் ஒரு பக்கம் குழி விழுந்திருந்தது. கண்ணுச்சாமி ஏணி மேல் நின்று ஆறாவது ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அது வர மறுத்தது.

“ஜக்கையண்ணன் சொன்னதுதேன் சரி, கண்ணுச்சாமிண்ணே,” என்றார் மொக்கையன். “இந்தச் செவுத்துல உசுரோட இருக்க ஒருத்தன மாட்ட நெனச்சது என் தப்பு. இத்தன வருசத்துல ஒருத்தரும் செய்யாத காரியம்.”

கண்ணுச்சாமி ஆணியைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு, ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினார்.

“அப்படிச் சொல்லாதீகய்யா. அந்தா எடப்பக்கத்துலருந்து மூணாவது படம் நாந்தேன். மலைக்குப் பொழைக்கப் போயிட்டு எட்டு வருசங்கழிச்சுத் திரும்பி வந்தா மாலை போட்டு மாட்டியிருந்தாக, சரி மாட்டுனது மாட்டுனதாவே இருக்கட்டும்னு காவல் வேலைக்குச் சேந்துட்டேன்.”