படகில் விட்ட ஏழு மீன்கள்

இந்த ஆகஸ்ட் பதினைந்துக்குள் படகு கடலில் இறங்கியே தீரும் என்று அட்டீலியோ சபதம் செய்தார். வாய் நிறையத் தர்பூசணி இருந்ததால் சபதம் சரியாக விளங்கவில்லை. அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. அவர் மனைவி நெரீனா பதினோரு கோடையாக இதே சபதத்தைக் கேட்டு வருகிறாள்.

"இந்த வருஷம் நிஜம், நெரீனா. இன்னும் மூணு வாரத்துல உன் தம்பி பெப்பினோ வண்டி கொண்டு வர்றான். ஏத்தறோம், செர்வியா கடற்கரைக்குக் கொண்டு போறோம், தண்ணியில விடறோம்."

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"படகுல போறவனுக்கு நீச்சல் எதுக்கு?"

நெரீனா பதில் சொல்லாமல் விதைகளைத் துடைத்தாள். அவள் வாயை மூடிக்கொண்டால் எங்கேயோ ஒரு பள்ளம் தோண்டப்படுகிறது என்று முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அட்டீலியோ கற்றிருக்கலாம். கற்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற தபால்காரர். ஊரார் கடித உறைகளைத் தடவித் தடவி, உள்ளே என்ன இருக்கும் என்று ஏங்கியே காலம் தள்ளியவர். எதையாவது மூடி வைத்தால் போதும், மனிதருக்குச் சோறு இறங்காது.

படகு கொல்லையில் அத்தி மரத்தடியில் கிடந்தது. ஐந்து மீட்டர் மரப்படகு. காயவிட்டால் பலகை சுருங்கி இடுக்கு விட்டுவிடும். அதனால் உள்ளே எப்போதும் தண்ணீர் நிற்கவேண்டும். அட்டீலியோ பக்தியோடு நிரப்பி வைத்தார். அவரைவிடப் பக்தியோடு புலிக்கொசுக்கள் அதில் முட்டையிட்டன. வெள்ளை வரி போட்ட ஜாதி. பட்டப்பகலில் கடிக்கும், கூச்சமே கிடையாது.

மறுநாள் மதியம் பாஸ்தாவைத் தட்டில் போட்டுவிட்டு, மேயர் போட்ட உத்தரவை நெரீனா விரித்தாள்.

"கேளு. ஒண்ணு, பூந்தொட்டித் தட்டுல தண்ணி நிக்கக் கூடாது. ரெண்டு, பீப்பாய வலை போட்டு மூடணும். மூணு, முற்றத்து வடிகால்ல கொசுப்புழு மாத்திரை போடணும். நாலு, பழைய டயர் கூடாது. அஞ்சு, தண்ணி தேங்கற எந்தப் பாத்திரமும் வெளியில இருக்கக் கூடாது."

"படகு பாத்திரமா?"

"அஞ்சு மீட்டர் பாத்திரம். ஆறு, கொசு வளர்றதப் பாத்தவங்க நகராட்சிக்குச் சொல்லணும். பக்கத்து வீட்டு யோலே போனக் கையிலயே வச்சிருக்கா. அவ பேரன் காலப் பாத்தியா? முசுக்கொட்டைப் பழம் மாதிரி சிவந்து தடிச்சிருக்கு. எட்டு, அபராதம்."

"இரு இரு. ஏழு எங்க?"

"அது நமக்குச் சம்பந்தமில்ல."

"என்ன போட்டிருக்குன்னு சொல்லேன்."

"சம்பந்தமில்லன்னா விடேன்! தண்ணிய இறைச்சுக் கொட்டப் போறியா இல்லயா?"

"கொட்டினா பலகை வாய பொளந்துடும். நடுக்கடல்ல நான் முழுகவா?"

நெரீனா காகிதத்தை நாலாக மடித்து ரொட்டி டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

அன்று மதியம் ஊரே ஜன்னலடைத்துத் தூங்கியது. அட்டீலியோ புரண்டார். ஏழில் என்ன இருக்கும்? கோழியா? கிணறா? கடைசியில் காலணியைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் பூனைபோல் நுழைந்து, ரொட்டி டப்பாவிலிருந்த காகிதத்தை எடுத்து ஏழாவதைத் தேடினார்.

'கொசுப்புழு தின்னும் மீன்கள் வளரும் அலங்காரக் குளங்களுக்கு மேற்படி தடை இல்லை. குளத்தைப் பதிவு செய்துகொள்ளவும்.'

"அடி கள்ளி! இதையா மறைச்சே?"

அடுத்த அரை மணியில் சைக்கிளில் பறந்து, பிளாஸ்டிக் பையில் ஏழு தங்கமீன்களோடு திரும்பினார். படகில் விட்டார். பிறகுதான் வேடிக்கை. புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாலால் மூச்சு விடுவதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. நிழல் பட்டால் நெளிந்து அடியில் பாயும், உடனே மேலே வரும், மேலே வந்ததை மீன் ஒரே வாயில் விழுங்கும். தபால்முத்திரை பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பொழுது சாயும்வரை குனிந்தே கிடந்தார். அந்த மூன்று மணி நேரம் கடலை அவர் நினைக்கவே இல்லை. மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

மறுநாள் காலையில் அவரே நகராட்சிக்குப் போன் செய்தார்.

"கொசுப் புகார் சொல்லணும்."

"யார் மேல, ஐயா?"

"என் மேலதான். வந்து பாத்துட்டு, ஏழாவது விதிப்படி தப்பில்லன்னு எழுதிக் குடுங்க. என் பெண்டாட்டி படிக்கணும்."

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் லோரிஸ் வந்தார். வெள்ளைக் கரண்டியால் பத்து இடத்தில் மொண்டு பார்த்தார். ஒரு புழு இல்லை.

"பிரமாதம். இங்க ஒரு கையெழுத்து போடுங்க, ஐயா."

ஊரார் உறைகளுக்கெல்லாம் ஏங்கிய தபால்காரர், தன் பேருக்கு வந்த காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நகலை நெரீனாவின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"படி! சத்தமாப் படி!"

நெரீனா மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தாள். "'பதிவு பெற்ற குளத்தை வற்றவைக்கவோ, இடம் மாற்றவோ, வேறு காரியத்துக்குப் பயன்படுத்தவோ உரிமையாளருக்கு அனுமதி இல்லை.'"

"என்ன குளம்? அது படகு!"

"குளம்னு நீங்கதானே இப்பக் கையெழுத்து போட்டுப் பதிஞ்சீங்க, ஐயா" என்றார் லோரிஸ்.

அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யோலே, வேரும் மண்ணுமாக இரண்டு அல்லிச் செடிகளை நீட்டினாள். நெரீனா வாங்கி, பார்த்துப் பார்த்துப் படகுக்குள் இறக்கினாள். அவள் கை பழகிய வேலைபோல் நடந்தது.

அட்டீலியோவுக்கு மெல்ல மெல்ல விளங்கியது.

"ஏழாவத ஏன்டி மறைச்சே?"

"படிச்சுக் காட்டியிருந்தா நீ மீன் வாங்கப் போயிருப்பியா?"

நெரீனா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"நீச்சல் தெரியாத மனுஷன் நீ. வண்டி வருதுன்னு நீ சொன்ன ராத்திரியிலேருந்து எனக்குக் கண் மூடல."

தனக்கு வந்தது கோபமா, பாசமா என்று அவராலேயே பிரிக்க முடியவில்லை. கடைசி நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெப்பினோ வண்டியோட வந்து நிக்கப் போறான். அவனுக்கு என்ன பதில் சொல்லுவ?"

"அவன் வரட்டும். குளத்தச் சுத்திப் பதிக்கக் கல்லு ஏத்திட்டு வரச் சொல்லியிருக்கேன்."