அலியார் பாயும் இறங்காத விலையும்

"பாய், எடுக்கிறீங்களா இல்லையா? பின்னால இருபது பேரு நிக்கிறாங்க."

ராமநாதபுரம் ரயில் நிலையத்தின் ரிசர்வேஷன் கவுண்டருக்குள்ளிருந்து தங்கசாமி கேட்டார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற அலியாருக்கு எந்த அவசரமும் இல்லை.

"மெட்ராசுக்கு இன்னைக்கு என்ன வெலை சார்?"

"போன வாரம் சொன்ன அதே வெலைதான்."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும் அதேதான். இது ரயிலு டிக்கெட்டு பாய். மீனா என்ன, வெயிலு ஏற ஏற வெலை இறங்குறதுக்கு?"

அலியார் புன்னகைத்தார். காலையில் முதல் கூடையை இறக்குகிற எந்த மீன்காரன்தான் விலை இறங்கும் என்று வாயால் ஒத்துக்கொண்டிருக்கிறான்?

பெரியபட்டினம் கடற்கரையில் முப்பது வருஷமாக மீன் எடுக்கிற வியாபாரி அவர். ஏலத்தில் மற்றவர்கள் முண்டியடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். வெயில் ஏறி, ஐஸ் கரைந்து, விற்கிறவன் முகத்தில் கவலை தட்டியதும் ஒரே ஒரு விலை கேட்பார். மீன் அவர் கூடைக்கு வந்துவிடும். "ஐஸ் கரையக் கரைய வெலையும் கரையும்" என்பது அவருடைய கொள்கை. கடலுக்குப் பொருந்துகிற கொள்கை தண்டவாளத்துக்கு மட்டும் பொருந்தாமல் போய்விடுமா?

"இறங்கினா ஒரு போன் போட்டுச் சொல்லுங்க சார். பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி நம்பரு இது. அலியார்னு சொன்னாப் போதும்."

ஆளை அனுப்பினால் போதும் என்று தங்கசாமி அந்த நம்பரை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார்.

டிக்கெட், மகன் சதக்கைக் கூட்டி வரப் போவதற்காக. துபாய் போய் நாலு வருஷம் ஆகிறது. இன்ஷா அல்லாஹ், இன்னும் இரண்டு மாதத்தில், பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலை மெட்ராசில் இறங்குவதாகக் கடிதம் போட்டிருந்தான். 'வாப்பா சொல்லிக் கொடுத்த தொழில் புத்தி இங்கேயும் கை கொடுக்கிறது' என்று அடியில் ஒரு வரி. அந்த வரியை அலியார் தெருவில் யாரையும் விடாமல் படித்துக் காட்டியிருந்தார்.

அவன் போன அன்று அவரால் வழியனுப்ப முடியவில்லை. ஒரு வத்தைப் படகு நிறைய வந்த சீலா மீன் விலை இறங்கட்டும் என்று கரையில் நின்றுவிட்டார். மீனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கை மட்டும் ஆடிக்கொண்டே போனது. அந்தக் கை நாலு வருஷமாக அவரைத் தூங்கவிடவில்லை. இந்த முறை விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் பிள்ளை முதலில் பார்க்கிற முகம் தன் முகமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவரை மனைவி உம்மு ஹபீபா வாசலிலேயே மறித்தாள்.

"டிக்கெட்டு எங்க?"

"அவசரப்படாத. முதல் கூடையை எடுக்கிறவன் என்னைக்கு உருப்பட்டான்?"

"எல்லாரும் எடுத்துட்டுப் போயிட்டா?"

"எடுக்கட்டுமே. மிச்சம் கெடக்கிற சீட்டை அவன் என்ன செய்வான்? காலியா போன சீட்டை மறுநாள் கருவாடா போட முடியுமா?"

ஹபீபாவுக்கு எங்கேயோ இடிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்துப் போனபோது சீட்டுகளில் பாதி தீர்ந்திருந்தது. அதோடு ரயில்வே பட்ஜெட் வந்து, ஒன்றாம் தேதியிலிருந்து கட்டணம் ஆறு ரூபாய் கூடுவதாகத் தங்கசாமி சொன்னார்.

"இப்பவே எடுத்துருங்க பாய். சொல்லிப்புட்டேன்."

அலியார் உள்ளூரக் குதித்தார். வீட்டுக்கு வந்து ஹபீபாவிடம் ரகசியம் போலச் சொன்னார்: "ஏத்திட்டான்! முதல்ல ஏத்திச் சொன்னாத்தானே பின்னால எறக்குறதுக்கு வசதி? வழிக்கு வந்து மடியப் போறான் பாரு."

"மடியட்டும். எம்புள்ளை வந்து இறங்குறதுக்குள்ள மடிஞ்சாச் சரி."

பத்து நாள் மட்டும் இருந்தபோது மறுபடியும் போனார். சீட்டே இல்லை. வெயிட்டிங் லிஸ்டில் நாற்பத்திரண்டாம் நம்பர் தருவதாகத் தங்கசாமி சொன்னார்.

"சீட்டு உண்டா?"

"கெடைச்சாலும் கெடைக்கும்."

"அதுக்கு என்ன வெலை?"

"அதே வெலைதான்."

"சீட்டு உள்ளதுக்கும் அதே வெலை, இல்லாததுக்கும் அதே வெலையா? இன்னும் கடல்ல நீந்துற மீனுக்கு எவனாவது காசு குடுப்பானா சார்?"

தங்கசாமி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று ஹபீபா சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காரவில்லை. அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "அன்னைக்கும் இப்படித்தான் வெலை பார்த்துக்கிட்டு நின்னீக."

அலியாருக்குச் சோறு இறங்கவில்லை. வாய் விட்டுச் சொல்லாவிட்டாலும் அவருக்கும் பயம் வந்துவிட்டது. பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் பஸ் ஏறினால் அவருக்குக் குடலைப் புரட்டும். முப்பது கிலோமீட்டருக்கு மேல் தாங்காது. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ராமநாதபுரத்திலிருந்து பாசஞ்சரில் மதுரை, அங்கிருந்து வேறு வண்டியில் முன்பதிவில்லாத பெட்டியில் மெட்ராஸ். விசாரித்தால், பதிவு செய்த டிக்கெட்டைவிட முப்பது ரூபாய் குறைவு!

"பார்த்தியா? இறங்கிருச்சுல்ல!"

"அந்தக் கூட்டத்துல நான் வரமாட்டேன். முழங்கால் போயிரும். நீக மட்டும் போய்க் கூட்டிட்டு வாங்க. நான் இங்கன சோறாக்கி வைக்கிறேன்."

பாசஞ்சர் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வியாழன் மாலை கிளம்ப வேண்டியவர் புதன் காலையிலேயே கிளம்பினார். மகனுக்குப் பிடித்த தொதல் இனிப்பை ஒரு பெரிய டின் நிறையக் கொடுத்துவிட்டாள் ஹபீபா.

மதுரையில் முன்பதிவில்லாத பெட்டியைப் பார்த்ததும் அலியாருக்கு வியர்த்தது. வாசலிலேயே நாற்பது பேர். உள்ளே போக ஒரு துண்டு தொதல் செலவானது. பெஞ்சில் ஓரமாகக் குந்த இரண்டு துண்டு. திண்டுக்கல்லில் ஏறிய ஒரு பயில்வான், நாலு துண்டு கொடுத்த பிறகுதான் அவர் காலை மிதிப்பதை நிறுத்தினான். திருச்சி தாண்டியதும் பெட்டி முழுக்கச் செய்தி பரவி, ஆளாளுக்கு "பாய், இங்கன வந்து நல்லா சாஞ்சு உக்காருங்க" என்று உபசரிக்கத் தொடங்கினார்கள். எழும்பூரில் இறங்கியபோது இடுப்பு நிமிரவில்லை. டின்னில் வாசனை மட்டும் இருந்தது. முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்க, எண்பது ரூபாய்த் தொதல் போய்விட்டது.

ஆனாலும் மனசு நிறைவாகத்தான் இருந்தது. ஒரு நாள் முன்னதாகவே வந்தாயிற்று. இந்த முறை பஸ்ஸைத் தவறவிட்ட தகப்பன் இல்லை அவர்.

வெள்ளிக்கிழமை காலை விமான நிலையத்தில் கம்பியை ஒட்டி முதல் ஆளாக நின்றார். துபாய் விமானம் இறங்கியது. வண்டி வண்டியாகப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பிள்ளைகள் வந்தார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள், சிரித்தார்கள், டாக்சி ஏறிப் போனார்கள். சதக் வரவில்லை. கடைசி ஆளும் போன பிறகு காவலுக்கு நின்றவர், "அவ்வளவுதான் பெரியவரே, எல்லாரும் வந்தாச்சு" என்றார்.

பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று அலியாருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. உலகத்தில் உள்ள எல்லா மீனையும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், பிள்ளை வந்தால் போதும் என்று இருந்தது. வெளியே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ரம்ஜான் பீவி வீட்டுக்குப் போன் போட்டார்.

"ரம்ஜானு, அலியார் பேசுறேன். எம் மகன் வரலம்மா..." குரல் உடைந்துவிட்டது.

"காக்கா!" என்று அண்ணன் முறை வைத்துப் பதறினாள் ரம்ஜான் பீவி. "ஒங்களுக்கு எப்படித் தகவல் சொல்றதுன்னு தெரியாமத்தான் ரெண்டு நாளா தவிக்கிறோம்! நீங்க புதன்கிழமை காலையில கிளம்புனீக, மத்தியானமே சதக்கு போன் பண்ணிட்டான். கடைசி வரைக்கும் டிக்கெட்டு எடுக்காம இருந்தானாம். கொழும்பு வழியா திருச்சிக்குப் போற விமானத்துல சீட்டு காலியா கெடந்து, பாதி வெலைக்குக் கெடைச்சுச்சாம். நேத்துப் பொழுது சாயவே வீட்டுக்கு வந்துட்டான்."

அலியார் பூத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். வியாழன் மாலை வண்டிக்கு டிக்கெட் எடுத்திருந்தால் புதன் மத்தியானம் அந்தப் போனை அவரே எடுத்துப் பேசியிருப்பார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் முழு விஷயமும் உறைத்தது.

"பாதி வெலைக்கா?"

"ஆமா காக்கா."

"எம் மகன்ல!" நாலு வருஷப் பாரம் இறங்கிச் சிரிப்பாக வந்தது. பூத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "நான் சொன்னா அந்தக் கவுண்டர்க்காரரு நம்புனாரா? போனை அவன்ட்ட குடு தாயி."

"அவன் எங்க இங்கன இருக்கான்? நீங்க தனியா தவிப்பீகன்னு, மெட்ராசுக்கு வந்து ஒங்களைக் கூட்டியாரேன்னு விடியவே ஸ்டேஷனுக்குப் போயிட்டான்."

"அப்பச் சரி. இன்னைக்கு வண்டி ஏறினா நாளைக் காலையில எழும்பூர்ல இறங்கிருவான். நான் பிளாட்பாரத்துலயே நிக்கிறேன்."

"எங்க ஏறுறது காக்கா? இப்பத்தான் அந்தக் கவுண்டர் சாரு நம்ம வீட்டுக்குப் போன் பண்ணினாரு. அங்கன ஒரு பையன் ஒரு மணி நேரமா கம்பியைப் புடிச்சுக்கிட்டு, மெட்ராஸ் டிக்கெட்டு சாயங்காலம் என்ன வெலைக்கு இறங்கும்னு கேட்டுக்கிட்டே நிக்கிறானாம், 'அவன் அலியார் பாய் மகனா'ன்னு விசாரிக்கிறாரு!"