அடியில் சிவப்பு, மேலே ஊதா

அன்றைக்கு உலகத்தில் வேறு அறிவிப்புகளும் வெளியாகியிருக்கும். அவற்றை மற்றவர்கள் கவனித்துக்கொள்ளட்டும். ஈஸ்டர் சனிக்கிழமை காலையில், நார்வே மலையொன்றின் மேல், தன் விடுமுறை மரவீட்டு வாசற்படியில் நின்று, ஒரு பிடி பனியை உள்ளங்கையில் உருட்டி முகர்ந்து பார்த்துவிட்டு, ஹல்வோர் வெளியிட்டதுதான் அறிவிப்பு.

“அடியில சிவப்பு. மேல ஊதா. இனிமே இதைப் பத்தி யாரும் பேச வேண்டாம்.”

மனைவி போர்கில் கோப்பைகளை அடுக்கினாள். மகன் ஷெட்டில் தலையாட்டினான். மகள் இங்குன், “சரிப்பா” என்றாள். மாப்பிள்ளை எஸ்பென் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

ஹல்வோர் சொன்னது, பனியில் சறுக்கக் காலில் மாட்டும் நீளப் பலகையான ஸ்கீயின் அடியில் தேய்க்கும் மெழுகைப் பற்றி. கடுங்குளிருக்குப் பச்சை, சுமாரான குளிருக்கு நீலம், பனி இளகத் தொடங்கினால் ஊதா, இன்னும் இளகினால் சிவப்பு, எதற்கும் மசியாத நாளுக்குக் குழாயில் அடைத்த பசை. சரியாகப் போட்டால் மேட்டில் பிடிக்கும், பள்ளத்தில் வழுக்கும். தப்பாகப் போட்டால் பள்ளத்தில் பிடிக்கும், மேட்டில் வழுக்கும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் தபால் இலாகாவில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இவ்வளவே போதாதா? ஹல்வோர் இதை வைத்து ஒரு மதமே நடத்திவந்தார்.

எஸ்பென் பெர்கன்காரன். அந்த ஊரில் பனி விழுவதற்குள் மழை முந்திக்கொள்ளும். அங்கே குழந்தைகள் குடையோடுதான் பிறக்கின்றன என்பது மாமனாரின் கட்சி. போன ஈஸ்டருக்கு எஸ்பென் போட்ட மெழுகு மேட்டில் பிடிக்கவில்லை. ஏறிய மலையைப் பின்பக்கமாகவே இறங்கினான், வழியில் ஒரு பாதிரியாரையும் சேர்த்துக்கொண்டு. அதற்கு முந்தின ஈஸ்டரைப் பற்றி அந்த வீட்டில் பேசுவதில்லை.

அதெல்லாம் போகட்டும். இப்போது சாவி என்று ஒன்று இருந்தது. “மெழுகு போடத் தெரிஞ்சவனுக்குத்தான் இந்த வீட்டுச் சாவி” என்பது ஹல்வோரின் சட்டம். ஷெட்டில் எப்போதோ வாங்கிவிட்டான். இங்குனுக்கோ, கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஆசை. அப்பாவின் குறட்டையும் அறிவிப்பும் கேட்காத ஒரு வாரத்தை அந்த மலையில் புருஷனோடு கழிக்க வேண்டும்.

“இந்தத் தடவையாவது வாங்கிடு” என்று காரில் வரும்போதே அவள் சொல்லியிருந்தாள். “இல்லன்னா இந்தக் கோடைக்கும் உங்கம்மா வீட்டு மழைதான்.”

ஆகவே எஸ்பென் ஒரு பாவகாரியம் செய்திருந்தான். யாருக்கும் தெரியாமல், பெண்டாட்டிக்கும் சொல்லாமல், மெழுகே வேண்டாத ஸ்கீ வாங்கிவிட்டான். மேலே பார்த்தால் மற்றவை போலத்தான். அடியில், கால் பதியும் இடத்தில், ஆட்டு ரோமத்தாலான பட்டை ஒன்று ஒட்டியிருக்கும். பூனையைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் சும்மா இருக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் சீறும் அல்லவா? அதே தத்துவம். முன்னால் போகும், பின்னால் வழுக்காது. “குளிர், வெயில், மாமனார், எதுக்கும் கவலைப்பட வேண்டாம்” என்று கடைக்காரர் உத்தரவாதம் கொடுத்திருந்தார்.

இந்த வகை ஸ்கீயைப் பற்றி ஹல்வோருக்கு ஒரு கருத்து உண்டு. “உப்புப் போடாத கருவாடு” என்பார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுத்தவர்கள் இரவு உணவுக்கு இருக்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் பின்னால் மெழுகுக் கொட்டகை. ஸ்கீகள் அடிப்பக்கம் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்கும். அவரவர் ஸ்கீக்கு அவரவர்தான் மெழுகு போட வேண்டும். அடுத்தவர் ஸ்கீயின் அடியை எட்டிப் பார்ப்பது, அந்த வீட்டில் அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பதற்குச் சமம். ஷெட்டிலும் இங்குனும் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார்கள். பழகின கை என்று எஸ்பென் பொறாமைப்பட்டான்.

அவன் உள்ளே நுழைந்தபோது ஹல்வோர் தன் வேலையை முடித்துவிட்டு, முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மாப்ள. இன்னைக்கு உங்க கைவரிசையைப் பாத்துடலாம்.”

“நான்... நான் காலைலயே போட்டுட்டேன் மாமா.”

“காலைலயேவா? அறிவிப்பே இப்பத்தானே வந்துச்சு?”

“ஒரு ஊகத்துல.”

“அட! பெர்கன்ல ஊகமெல்லாம் பண்றாங்களா? என்ன நிறம் போட்டீங்க?”

கண்ணுக்கு நேரே அலமாரியில் இருந்த டப்பாவின் நிறத்தை எஸ்பென் சொல்லித் தொலைத்தான்.

“பச்சை.”

வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

“மாப்ள,” என்றார் ஹல்வோர் மெதுவாக, நோயாளியிடம் பேசுவது போல, “பச்சை எதுக்குத் தெரியுமா? மூக்குல மூச்சு உறையுற நாளுக்கு. இன்னைக்கு மூக்கு ஒழுகுற நாள். முழுசா சுரண்டி எடுங்க. இந்தாங்க சுரண்டி. நான் போய் இன்னொரு காபி குடிச்சிட்டு வந்து பாப்பேன்.”

எதைப் பார்ப்பார்? தரையில் விழும் சீவலைத்தான். இல்லாத மெழுகைச் சுரண்டினால் சீவல் எங்கிருந்து விழும்? ரோமப் பட்டையைச் சுரண்டவும் மனம் வரவில்லை. எஸ்பென் நாலாபக்கமும் பார்த்தான். ஜன்னலில் ஈஸ்டருக்காக அத்தை போர்கில் வைத்திருந்த மஞ்சள் மெழுகுவத்தி ஒன்று அப்பாவியாக நின்றது. அடுத்த நிமிடம் அது பாதியாகிவிட்டது.

ஹல்வோர் திரும்பி வந்து தரையைப் பார்த்தார். குனிந்து ஒரு சீவலை எடுத்தார். முகர்ந்தார்.

“பச்சைன்னீங்க. இது மஞ்சளா இருக்கு.”

“புது வகை மாமா. பேருதான் பச்சை. சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாதது.”

“எலுமிச்சம்பழம் வாசனை அடிக்குது.”

“அதுலதான் செய்யறாங்க. ஆறு, ஏரி, மீனு எதுக்கும் பாதிப்பில்ல.”

“எலுமிச்சையை மீன்மேல பிழியலாம் மாப்ள. மீனுக்குப் பாதிப்பு வரக் கூடாதுன்னு ஸ்கீ மேல பிழியறதை இப்பத்தான் கேக்கறேன்.” ஹல்வோர் சீவலைத் தூக்கிப் போட்டுவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு குழாயை எடுத்தார். “கெட்டுப்போன அடிக்கு ஒரே மருந்துதான். பசை. ஸ்கீயை இப்படித் திருப்புங்க, நானே போட்டு விடறேன்.”

“வேண்டாம் மாமா!” எஸ்பென் ஸ்கீயை மார்போடு அணைத்துக்கொண்டான், கடத்தல்காரனிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறவன் மாதிரி. “உங்க கையெல்லாம் அழுக்காகிடும். நானே போடறேன்.”

ஹல்வோரின் முகம் மலர்ந்தது. “அப்படிச் சொல்லுங்க! ஆம்பளைன்னா தன் பசையைத் தானே போடணும். போடுங்க. நான் இப்படி எதிர்ல நின்னு உங்க முகத்தை மட்டும் பாக்கறேன். முகத்தைப் பாத்தே பூச்சு எப்படி விழுதுன்னு சொல்லிடுவேன்.”

பசை என்றால் சாதாரணப் பசை இல்லை. வெல்லப்பாகும் தாரும் கல்யாணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளை. எஸ்பென் மாமனாரின் கண்ணைப் பார்த்தபடியே, புத்தம்புது ஆட்டு ரோமத்தின் மேல் அதைப் பிதுக்கினான். ரோமம் அதை ஆசையோடு குடித்தது.

“அருமை,” என்றார் ஹல்வோர். “ரொம்பச் சமமா விழுது. இன்னொரு பூச்சு.”

குடும்பம் வரிசையாகக் கிளம்பியது. முன்னால் ஹல்வோர், பின்னால் போர்கில், இங்குன், ஷெட்டில். கடைசியில் எஸ்பென்.

கொஞ்ச தூரத்திலேயே அவன் வளரத் தொடங்கினான். காலடிப் பனி முழுவதும் ஸ்கீயோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முதலில் குதிகால் உயர்ந்த செருப்புப் போட்டது போல் இருந்தது. பிறகு முக்காலியில் நிற்பது போல. பைன் மரத்தின் ஊசியிலைகள், யாரோ தின்று போட்ட ஆரஞ்சுத் தோல், சாக்லேட் காகிதம், ஒரு குழந்தையின் கையுறை என்று பாதையில் இருந்ததெல்லாம் அவனோடு புறப்பட்டன.

ஷெட்டில் திரும்பிப் பார்த்தான். “என்ன மச்சான், நான் பாக்கப் பாக்க வளந்துட்டே போற?”

“பனி கொஞ்சம் ஒட்டுது.”

“கொஞ்சமா? அங்கிருந்து பெர்கன் தெரியுதான்னு பாரு.”

இங்குன் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். “என்னத்தைப் போட்டுத் தொலைச்ச?”

“உங்கப்பா சொன்னதைத்தான்.”

“அவர் சொன்னதை யாராவது போடுவாங்களா!” என்று எரிந்து விழுந்தவள், ஏனோ சட்டென்று வாயை மூடிக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

இறக்கம் வந்தது. மற்ற நால்வரும் வழுக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். எஸ்பென் மட்டும் மாடிப்படி இறங்குகிறவன் போல ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து இறங்கினான். ஏறி வந்த ஒரு கிழவர் ஒதுங்கி வழிவிட்டு, “ஈஸ்டர் வாழ்த்துகள்” என்றார், இரங்கல் சொல்லும் குரலில்.

வெயில் படும் ஒரு பாறையோரம் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். அத்தையின் பையிலிருந்து ரொட்டி, கோக்கோ, ஆரஞ்சு, ஆட்டுப்பாலில் காய்ச்சிய பழுப்பு சீஸ், அதைச் சீவும் கத்தி எல்லாம் வெளியே வந்தன. எஸ்பெனின் கண் சீஸ் கத்தி மேல் நின்றது. நடுவில் பிளவுள்ள கத்தி. எதையும் மெல்லிசாகச் சீவும்.

“இதோ வந்துடறேன்” என்று அதை நைசாக எடுத்துக்கொண்டு ஸ்கீயோடு பாறைக்குப் பின்னால் போனான்.

பனிக்கட்டி வந்தது. பசை வந்தது. கூடவே ரோமமும் கொத்துக் கொத்தாக வந்தது. கத்தியைப் பனியில் துடைத்து, கால்சட்டையில் துடைத்து, மீண்டும் பனியில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். யாரும் பார்க்கவில்லை.

போர்கில் அதே கத்தியால் சீஸைச் சீவி, ரொட்டி மேல் வைத்து, முதல் துண்டைப் புருஷனிடம் நீட்டினாள்.

ஹல்வோர் கடித்தார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

ஒரு வெள்ளை ரோமம்.

“சீஸ் ஆட்டுப்பால்தானேப்பா,” என்றான் ஷெட்டில் அவசரமாக. “ஒண்ணு ரெண்டு வர்றது சகஜம்.”

“இது பால்ல வந்த ரோமம் இல்ல.” ஹல்வோரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “இதுல பசை இருக்கு. இது ஸ்கீ அடியில ஒட்டுற ரோமம். யாரோடது?”

ஷெட்டிலின் முகம் வெளுத்தது. இங்குன் தன் ஆரஞ்சை, அதில் ஏதோ எழுதியிருப்பது போல உற்றுப் பார்த்தாள். போர்கில் கோக்கோவை ஊதினாள், அது எப்போதோ ஆறிவிட்டிருந்தும்.

எனக்காக எல்லோரும் எப்படிப் பதறுகிறார்கள் என்று எஸ்பெனின் நெஞ்சு உருகிவிட்டது. இப்படிப்பட்ட குடும்பத்திடமா பொய் சொல்வது? எழுந்து நின்றான். பாறைக்குப் பின்னால் போய்த் தன் ஸ்கீகளைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் குப்புறப் போட்டான். சொறி பிடித்த இரண்டு ஆடுகள் போல அவை கிடந்தன.

“என்னோடதுதான் மாமா. பச்சையும் போடல, சிவப்பும் போடல. எனக்கு மெழுகு போடவே வராது. உங்களை ஏமாத்திட்டேன். மன்னிச்சிடுங்க.”

ஹல்வோர் எழுந்தார்.

“மூணு தலைமுறை!” என்றார். “இந்த மலைமேல மூணு தலைமுறையா எங்க வம்சம் மெழுகு போட்டு நடந்திருக்கு. இப்படி ஒரு வார்த்தையை இந்தப் பாறை கேட்டதில்ல. சாவி கிடையாது! இந்த வருஷமும் கிடையாது, அடுத்த வருஷமும் கிடையாது!”

ஸ்கீயை மாட்டிக்கொண்டு எதிர்மேட்டில் தனியாக ஏறத் தொடங்கினார். பனி இளகிக் கூழாகிக் கிடந்தது. எந்த மெழுகும் காலை வாரிவிடும் பதம். ஹல்வோர் ஒரு விரற்கடைகூடப் பின்வாங்கவில்லை. விறுவிறுவென்று மேலே போய்க்கொண்டே இருந்தார்.

எஸ்பென் வாயைப் பிளந்து பார்த்தான். இங்குன் அவனோடு பேசாமல் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஷெட்டில் நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

“என்ன இருந்தாலும் பெரியவர் பெரியவர்தான் அத்தை,” என்றான் எஸ்பென், கண் கலங்க. “இந்தப் பனியில எப்படிப் பிடிக்குது பாருங்க! அடியில சிவப்பு, மேல ஊதா. அந்தக் கையெல்லாம் எனக்கு இந்த ஜன்மத்துல வருமா?”

போர்கில் அன்று முழுவதும் வாயே திறக்கவில்லை. இப்போது சீஸ் கத்தியை வெயிலில் திருப்பிப் பார்த்து, அதிலிருந்த கடைசி ரோமத்தை ஊதித் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

“ஒன்பது வருஷமா இந்த வீட்டுல எல்லாரோட ஸ்கீ அடியிலயும் ஆட்டு ரோமம்தான் மாப்ள, அவரோடதையும் சேத்து. ஒத்துக்கிட்ட மொத ஆளு நீங்கதான்.”