உள்ளங்கைப் பருமன் பூட்டு

"சாவி திரும்பவே மாட்டேங்குது மச்சான். ஆபீசரம்மா பதினோரு மணிக்கு வந்துருவாங்க."

கடைக்கார மாப்பிள்ளை இப்படிப் பதறியும் சட்டமாமா பதறவில்லை. பதறுவது அவர் வழக்கமில்லை. ஆசிட், தின்னர், பூச்சிமருந்து விற்கிற கடைகளுக்கு விதிமுறை சொல்லிக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. சட்டமாமா என்ற பெயர்கூடத் தெரு வைத்ததுதான். இது தங்கச்சி புருஷன் கடை என்பதால் கூடுதல் கவனம். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தடுப்பாக நின்ற இரும்பு அலமாரிக்குள் ஆசிட் புட்டிகளையும் விற்பனைப் பதிவேட்டையும் வைத்து, உள்ளங்கைப் பருமனில் ஒரு பூட்டை அவரே மாட்டியிருந்தார். போன மாதம் பூட்டியதோடு சரி. அடையாள அட்டை கொடு, காரணம் சொல் என்றதும் வாங்க வந்தவர்கள் எல்லாம் ஓட்டம் பிடித்துவிட்டார்கள்.

இன்று ஆபீசரம்மா கையெழுத்துப் போட்டால்தான் கடைக்கு உரிமம்.

"ஆசிட் ஆவியில பூட்டு துருப்பிடிச்சிருக்கு மாப்ளே. அதுலயே ரெண்டு சொட்டு விட்டா கழண்டுரும்."

"ஆசிட் உள்ளதானே இருக்கு?"

"எதிர்க்கடை எதுக்கு இருக்கு?"

வீட்டுப் பக்கமிருந்து தங்கச்சி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சும்மா இரும்மா. இது சட்ட விஷயம்."

மாமா தெருவைத் தாண்டிப் போனதும் எதிர்க்கடைக்காரர் எழுந்து கும்பிட்டார். "வாங்க மாமா. அட்டை?"

"என்னய்யா அட்டை?"

"அடையாள அட்டை. பெத்த அப்பனே கேட்டாலும் அட்டை இல்லாம குடுக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மாப்பிள்ளை கடைப் பதிவேட்டில் மாதிரிக்கு ஒரு வரி எழுதிக் காட்டிய அன்று, தன் அட்டையை அதற்குள்ளேயே விட்டிருந்தார் மாமா. பதிவேடு அலமாரிக்குள்.

"சரி, எதுக்கு வாங்குறீங்க? அதையாவது சொல்லுங்க."

"பூட்டை உடைக்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. எதிர்க்கடைக்காரர் புட்டியை எடுத்து இன்னும் ஒரு தட்டு மேலே வைத்தார்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே திரும்பி வந்த மாமா, குறடால் சாவியைப் பிடித்து முறுக்கினார். பாதிச் சாவி கையோடு வந்தது. மீதி பூட்டுக்குள் தங்கிவிட்டது.

மாப்பிள்ளை தெருவை எட்டிப் பார்த்தார்.

"அண்ணே..." என்றாள் தங்கச்சி மறுபடியும்.

"உள்ள போம்மா!"

அதற்குள் ஆபீசரம்மாவே வந்துவிட்டார். மாமா சிரித்த முகமாய் முன்னால் போனார்.

"பாருங்க மேடம். கடைக்காரராலயே திறக்க முடியாத பூட்டு. இதுக்கு மேல பாதுகாப்பு உண்டா?"

ஆபீசரம்மா பூட்டை ஆட்டினார். கதவை இழுத்தார். காலால்கூட ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ம்ஹூம். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"முப்பது கடை பாத்துட்டேன். இப்படி ஒரு பூட்டு பாத்ததில்ல. பதிவேட்டை மட்டும் காட்டுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

மாமா கையிலிருந்த பாதிச் சாவியைப் பார்த்தார்.

ஆபீசரம்மா பேனா மூடியைக் கழற்றும்போது, பதிவேடும் அட்டையும் கையுமாகத் தங்கச்சி வந்து நின்றாள்.

"இதைத்தான்ணே காலையிலேருந்து சொல்ல வர்றேன். அலமாரி முதுகுத் தகடு கழண்டு விழுந்து மூணு வாரமாச்சு, நான் பாத்ரூம் கழுவ வீட்டுப் பக்கமிருந்துதானே ஆசிட் எடுக்குறேன்!"